கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்றுநர்: திரை காட்டாத ஆண்டுகள்

முன்னுரை

தமிழ்த் திரைப்படங்களில் விளையாட்டுப் பயிற்றுநர் முக்கியப் பாத்திரமாக வருவது கடந்த இருபது ஆண்டுகளில் கூடியிருக்கிறது. கபடி, குத்துச்சண்டை, கால்பந்து, கிரிக்கெட் என்று ஆட்டங்கள் மாறினாலும் பயிற்றுநர் பாத்திரம் பெரிதாக மாறவில்லை. அந்தப் பாத்திரம் எப்படிக் கட்டப்படுகிறது, அதில் எது விடுபடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அதற்கான அளவுகோல் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்றுநரின் பணி வாழ்க்கை.

இந்த அளவுகோலைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தபோது, பள்ளி அணியில் ஆடிக்கொண்டிருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "சார், பேஸ்கட்பால் கோச் ஆகணும்னா என்ன சார் படிக்கணும்?" என்று கேட்டாள். "முதல்ல பிளஸ் டூவை முடிம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. மருத்துவர், பொறியாளர், கணக்காயர் ஆவதற்கான வழியை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். பயிற்றுநர் என்றதும் என் மனத்தில் வந்தது, விசில் ஊதிக்கொண்டு கத்தும் ஒரு திரைப்பட உருவம் மட்டுமே. அந்த உருவம் எவ்வளவு குறைபட்டது என்பது பணி ஓய்வுக்குப் பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் புரிந்தது.

வல்லினம் (2014)

தமிழில் கல்லூரிக் கூடைப்பந்தை மையமாகக் கொண்ட படம் என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது 'வல்லினம்'. 'ஈரம்' (2009) படத்தை இயக்கிய அறிவழகன் எழுதி இயக்கியது. நகுல் நடித்தார், தமன் இசையமைத்தார். படத்தொகுப்புக்காக வி. ஜே. சாபு ஜோசப் தேசிய விருது பெற்றார். தமிழாசிரியர்களுக்குத் தலைப்பைக் கேட்டதும் க, ச, ட, த, ப, ற நினைவுக்கு வரும். படம் சொல்ல வருவது வேறு: வலிமையான ஓர் இனம், அதாவது ஆட்டக்காரர் இனம்.

கதை எளியது. திருச்சியில் கூடைப்பந்து ஆடும் கிருஷ்ணா வீசிய பந்து நெஞ்சில் பட்டு, உடன் ஆடிய நண்பன் இறந்துவிடுகிறான். இனிப் பந்தைத் தொடுவதில்லை என்ற முடிவோடு கிருஷ்ணா சென்னைக் கல்லூரி ஒன்றில் சேர்கிறான். அங்கே கிரிக்கெட் அணிக்கு இருக்கும் மதிப்பு வேறு எந்த ஆட்டத்துக்கும் இல்லை. கிரிக்கெட் அணியினரோடு எழும் மோதல் அவனை மீண்டும் களத்துக்கு இழுத்துவருகிறது.

இந்தப் படத்தின் நல்ல பக்கம் இரண்டு. முதலாவது, அது எழுப்பும் கேள்வி உண்மையானது. ஒரே கல்லூரியில் ஓர் ஆட்டத்துக்குச் சீருடை, பயணப்படி, கைதட்டல் எல்லாம் கிடைக்க, இன்னோர் ஆட்டத்துக்குக் கிழிந்த வலை மட்டும் மிஞ்சுவது ஏன்? எந்தக் கல்லூரி மாணவரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். இரண்டாவது, ஆட்டக் காட்சிகளின் வேகம். கூடைப்பந்து விட்டுவிட்டு நடக்கும் ஆட்டம் அன்று. தாக்குதலும் தடுப்பும் நொடியில் இடம் மாறும். அந்த மாற்றத்தைப் படத்தொகுப்பு சரியாகப் பிடித்திருக்கிறது. தேசிய விருதுக்கு அது தகுதியானதே.

குறை எங்கே என்றால், கேள்விக்கான பதிலில்தான். ஒரு கல்லூரியில் கூடைப்பந்து மதிக்கப்படாததற்குப் படம் காட்டும் காரணம் கிரிக்கெட் அணியினரின் திமிர். காட்டும் தீர்வு ஒரு நல்ல ஆட்டக்காரனின் வருகை. ஆனால் கிருஷ்ணா பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகு அந்த அணி என்ன ஆகும்? படத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. கல்லூரி அணிக்கும் மற்ற அணிகளுக்கும் உள்ள வேறுபாடே இதில்தான் இருக்கிறது. கல்லூரி அணியில் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறுகிறார்கள். மூன்றாண்டில் அணி முழுதும் மாறிவிடுகிறது. மாறாமல் நிற்கக்கூடியவர் பயிற்றுநர் ஒருவரே. கல்லூரி ஆட்டத்தின் கதையை நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் அதை அவர் பக்கத்திலிருந்தும் சொல்ல வேண்டும்.

காயமே தகுதி

பயிற்றுநரை நடுவில் வைத்த படங்கள் இல்லாமல் இல்லை. அவற்றைப் பார்த்தால் ஒரு பொது அச்சு தெரிகிறது.

இந்தியத் திரையில் அந்த அச்சை உறுதிப்படுத்தியது 2007இல் வந்த 'சக் தே! இந்தியா' என்ற இந்திப் படம். பாகிஸ்தானுடனான ஆட்டத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்ற பழியோடு ஒதுக்கப்பட்ட ஹாக்கி வீரர் கபீர் கான், ஏழாண்டு கழித்து மகளிர் அணியின் பயிற்றுநராகத் திரும்பி வந்து வெல்கிறார். அவர் அந்த ஏழாண்டில் என்ன படித்தார், எங்கே பயிற்சி அளித்தார் என்பதற்குப் படத்தில் இடமில்லை. அவருடைய காயமே அவருடைய தகுதிச் சான்றிதழ் ஆகிவிடுகிறது.

'பிகில்' (2019) இன்னும் ஒரு படி மேலே போகிறது. மகளிர் கால்பந்து அணியின் பயிற்றுநர் கதிர் தாக்கப்பட, அவருடைய நண்பரும் முன்னாள் வீரருமான மைக்கேல் அந்த இடத்துக்கு வருகிறார். விஜய் நடிக்கும் படத்தில் இது இயல்புதான். ஆனால் கதிரின் இடத்தில் நின்று யோசித்தால் இது ஒரு விசித்திரமான செய்தி. அணியை அன்றாடம் வளர்த்தவர் மருத்துவமனையில் இருக்கிறார். வெற்றி, இடையில் வந்தவருக்குப் போகிறது. 'கனா' (2018) படத்திலும், குளித்தலைப் பெண் கௌசல்யாவின் நீண்ட உழைப்புக்குக் கடைசிக் கட்டத்தில் வழிகாட்ட நெல்சன் திலீப்குமார் என்ற பயிற்றுநர் வருகிறார். அப்பா முருகேசனின் விவசாயத் துயரத்தை ஆண்டுக் கணக்கில் காட்டிய படம், பயிற்றுநரின் உழைப்புக்கு அந்த அளவு நேரம் தரவில்லை.

'வெண்ணிலா கபடிக்குழு' (2009) இவற்றுள் சற்று வேறுபட்டது. கிஷோர் நடித்த சவடமுத்து என்ற பயிற்றுநரின் கண்டிப்பில் நம் ஊர் மைதானங்களில் பார்த்த மனிதர்களின் சாயல் உண்டு. ஆனாலும் கதை ஒரே போட்டித் தொடரோடு முடிந்துவிடுகிறது.

பயிற்றுநரின் பணி வாழ்க்கை என்ற நோக்கில் தமிழின் சிறந்த படம் எது என்றால், சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' (2016) என்பேன். சங்க அரசியலால் தன் ஆட்ட வாழ்க்கையை இழந்த பிரபு (மாதவன்), பயிற்றுநரான பிறகும் அதே அரசியலால் பொய்ப் பழி சுமத்தப்பட்டுச் சென்னைக்குத் தூக்கியடிக்கப்படுகிறார். இங்கே மீன் விற்கும் மதியிடம் (ரித்திகா சிங்) திறமை இருப்பதைக் காண்கிறார். மதியின் அக்கா லக்ஸ் குத்துச்சண்டை பழகுவது பதக்கத்துக்காக மட்டும் அன்று, விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறை வேலை கிடைக்கும் என்பதற்காகவும்தான். மாறுதல் உத்தரவு, சங்கத்தின் பிடி, ஒதுக்கீட்டு வேலை, கடைசியில் கொடுக்க வேண்டிவரும் விலகல் கடிதம் ஆகிய நான்கும் இந்தியப் பயிற்றுநர் வாழ்க்கையின் உண்மையான உறுப்புகள். ஒரு படத்தில் இவ்வளவு இருப்பது அரிது. பிரபுவும் காயத்திலிருந்தே வருகிறார் என்றாலும், அவருக்கு ஒரு வேலை இருக்கிறது, மேலதிகாரி இருக்கிறார், இழப்பதற்கு ஏதோ இருக்கிறது.

இரண்டரை மணி நேரப் படத்தில் இருபதாண்டைக் காட்ட முடியுமா என்று கேட்கலாம். ஒரே பாட்டில் பால்காரர் தொழிலதிபராவதை விசில் அடித்து ஏற்றுக்கொண்டவர்கள் நாம். காட்ட முடியும். காட்டத் தேவையில்லை என்ற எண்ணமே தடை.

அமெரிக்கத் திரையின் இரண்டு வழிகள்

இந்த அச்சு நம் கண்டுபிடிப்பும் அன்று. 1986இல் வந்த 'ஹூசியர்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தின் நாயகர் நார்மன் டேல், முன்பு கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்றுநர். தன் மாணவர் ஒருவரை அடித்ததால் அந்த வாழ்க்கை முடிந்துபோக, இண்டியானா மாநிலத்தின் சிற்றூர்ப் பள்ளி ஒன்றுக்கு வருகிறார். 1954இல் மாநிலக் கோப்பையை வென்ற மைலன் என்ற சிறிய பள்ளியின் கதை இதற்குத் தூண்டுதல். மிக நன்றாக எடுக்கப்பட்ட படம். ஆனால் அதிலும் கல்லூரிப் பணி ஒரு பழைய பாவமாகவே வருகிறது, வாழ்ந்த வாழ்க்கையாக வரவில்லை.

இன்னொரு வழியைக் காட்டியது 'கோச் கார்ட்டர்' (2005). கலிபோர்னியாவின் ரிச்மண்ட் உயர்நிலைப் பள்ளியில் 1999இல் நடந்ததை அது சொல்கிறது. தோல்வியே காணாத தன் அணியை, மாணவர்கள் படிப்பில் தேறவில்லை என்பதற்காகப் பயிற்றுநர் கென் கார்ட்டர் களத்துக்கு வெளியே நிறுத்தி, அரங்கத்தைப் பூட்டிவிட்டார். வகுப்புக்கு வருவது, குறிப்பிட்ட மதிப்பெண் சராசரி பெறுவது என்று மாணவர்களிடம் முன்பே ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தார். ஊரே அவரை எதிர்த்தது. வென்றுகொண்டிருக்கும் அணியை நிறுத்துவதற்கு, தோற்கும் அணியைத் தூக்கி நிறுத்துவதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும். பயிற்றுநர் முதலில் ஆசிரியர் என்பதை இந்தப் படம் புரிந்துகொண்டிருக்கிறது.

திரைக்கு வெளியே: வூடனும் சம்மிட்டும்

உண்மையான கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்றுநர்களின் வாழ்க்கையைப் பார்த்தால், திரைக்கதை எழுத்தாளர்கள் எதை வெட்டுகிறார்கள் என்பது விளங்கும்.

ஜான் வூடன் (1910–2010) ஆங்கில ஆசிரியர். பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆடிய பின், கென்டக்கியின் டேட்டன் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே பயிற்சியும் அளித்தார். அங்கே முதல் ஆண்டில் வெற்றியைவிடத் தோல்வியே மிகுதி. பிறகு சவுத் பெண்ட் பள்ளியில் பல ஆண்டுகள். போர்க்காலத்தில் கடற்படை. 1946 முதல் இரண்டாண்டு இண்டியானா மாநில ஆசிரியர் கல்லூரி. 1948இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகம். அங்கே முதல் தேசியப் பட்டத்தை வென்றது 1964இல். அதாவது ஒரே கல்லூரியில் பதினாறு பருவங்கள் காத்திருந்தார். அதன்பின் 1975இல் ஓய்வு பெறும்வரை பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துப் பட்டங்கள். திரைப்படம் என்றால் 1964இல் தொடங்கும். பாடம் இருப்பது அதற்கு முந்தைய ஆண்டுகளில்.

அந்த முந்தைய ஆண்டுகளில் ஒரு நிகழ்ச்சி. 1947இல் இண்டியானா ஆசிரியர் கல்லூரி அணிக்குத் தேசியப் போட்டிக்கான அழைப்பு வந்தது. கறுப்பின மாணவர்கள் ஆடக் கூடாது என்பது அந்தப் போட்டியின் விதி. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். வூடன் அழைப்பை மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு விதி நீக்கப்பட்டது, வாக்கர் ஆடினார். கோப்பைகளின் பட்டியலில் இடம்பெறாத இந்த மறுப்புக்கு அந்தப் பத்துப் பட்டங்களுக்குக் குறையாத மதிப்பு உண்டு.

ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் அறிய வேண்டிய இன்னொன்று. வூடனின் கடைசிப் பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கேலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சி நேரங்களில் அரங்கில் உட்கார்ந்து, அவர் சொன்ன ஒவ்வொன்றையும் வகைப்படுத்திக் குறித்தார்கள். மொத்தம் 2,326 கற்பித்தல் செயல்கள். அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற தகவல் மட்டுமே. பாராட்டு 7 விழுக்காட்டுக்கும் குறைவு, கண்டனமும் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. நெஞ்சை உருக்கும் பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை. நம் படங்களில் இடைவேளைக்குப் பின் வரும் அந்த நீண்ட வசனத்தை எண்ணிப் பாருங்கள். உண்மையான பயிற்றுநர், "முழங்காலை இன்னும் மடக்கு, பந்தைப் பார்க்காதே, ஆளைப் பார்" என்ற வகையான சிறு சொற்களால் வேலை செய்கிறார். பி.எட். படித்தபோது நான் எழுதிய பாடத்திட்டக் குறிப்பேடுகளில் 'ஊக்கப்படுத்துதல்' என்று ஒரு பத்தி தவறாமல் இருக்கும். இந்த ஆய்வைப் படித்த பின், தெளிவாகச் சொல்வதே பெரிய ஊக்கம் என்று தோன்றுகிறது.

பேட் சம்மிட் (1952–2016) 22 வயதில், 1974இல் டென்னசி பல்கலைக்கழக மகளிர் அணிக்குப் பொறுப்பேற்றார். மாதச் சம்பளம் 250 டாலர். ஆட்டக்காரர்களின் சீருடையை அவரே துவைத்தார், வெளியூர்ப் போட்டிக்கு வேனை அவரே ஓட்டினார். கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் வந்து அப்போது இரண்டாண்டுதான் ஆகியிருந்தது. 38 பருவங்கள் அதே இடத்தில் இருந்து 1,098 வெற்றிகளும் எட்டுத் தேசியப் பட்டங்களும் பெற்றார். 2011இல் மறதிநோய் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டு விலகினார். தன்னிடம் முழுக் காலமும் ஆடி முடித்த மாணவியர் அனைவரும் பட்டம் பெற்றார்கள் என்பதே அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட கணக்கு.

அமெரிக்கப் பாதையை அப்படியே போற்ற வேண்டியதில்லை. அங்கே இன்று பெரிய பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்துப் பயிற்றுநர்கள் பல லட்சம் டாலர் சம்பளம் வாங்குகிறார்கள். பல மாநிலங்களில் அரசு ஊதியப் பட்டியலில் முதலிடம் ஆளுநருக்கோ துணைவேந்தருக்கோ இல்லை, கல்லூரி அணிப் பயிற்றுநருக்குத்தான். ஆடும் மாணவரோ 2021 ஜூலைக்கு முன் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறவே தடை இருந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பணத்தை அன்று, ஒருவரை ஓரிடத்தில் நீண்ட காலம் இருக்கவிடும் பொறுமையை.

நந்தனத்தில் ஒரு வாழ்க்கை

இந்தப் பொறுமைக்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. தியாகராய நகருக்கு அடுத்த நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தைப் புத்தகக் காட்சிக்காக மட்டும் அறிந்தவர்கள் பலர். அந்த இடம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் வளாகம். அதைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக் (1884–1943) என்ற அமெரிக்கர்.

பக் பயின்றது மாசசூசெட்சின் ஸ்பிரிங்ஃபீல்டில். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி அதுதான். 1919இல் இந்தியா வந்த பக், 1920இல் சென்னையில் மிகச் சில மாணவர்களோடு உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அது வளர்ந்து நந்தனத்தில் நிலைகொண்டது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் பொறுப்பாளராகவும் சென்றார். 1943இல் இறக்கும்வரை சென்னைதான் அவருக்கு ஊர்.

பக்கின் பணி வாழ்க்கையைத் திரைக்கதையாக எழுத முயன்றால் கடைசி ஆட்டம் என்று எதுவும் இருக்காது. அவர் வென்ற கோப்பை என்று சொல்லக்கூடியது இல்லை. அவர் உருவாக்கியது ஆட்டக்காரர்களை அன்று, ஆசிரியர்களை. இங்கே பயின்றவர்கள் பல பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள். அவர்களிடம் கற்றவர்கள் வேறு ஊர்களுக்குப் போனார்கள். நம் ஊர்ப் பள்ளிகளில் கூடைப்பந்துக் கம்பம் நட்ட 'பி.டி. மாஸ்டர்'களில் பலருடைய மரபைப் பின்னோக்கித் தேடினால் நந்தனத்தில் வந்து முடியும். ஆண்டுதோறும் அந்த மண்ணில் நின்று நூல் வாங்குகிறோம். அங்கே நடந்த இன்னொரு கல்வியைப் பற்றி நம் புனைவு எழுத்திலும் திரையிலும் பேச்சு குறைவு என்பது ஒரு திறனாய்வுக் குறையும்தான்.

இன்றைய பாதை

அந்த மாணவி கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம். நம் கல்லூரிகளில் 'கூடைப்பந்துப் பயிற்றுநர்' என்ற நிரந்தரப் பணியிடம் அரிது. இருப்பது 'உடற்கல்வி இயக்குநர்' என்ற பணியிடம். அவரே எல்லா ஆட்டங்களுக்கும் பொறுப்பு. விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கை, மைதானப் பராமரிப்பு, போட்டிகளுக்கு மாணவரை அனுப்பும் கடிதம், ஆண்டு விழா என்று எல்லாம் அவர் மேசைக்கே வரும். இதற்கு நடுவேதான் பயிற்சி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி இப்பணிக்கு உடற்கல்வியில் முதுகலைப் பட்டமும் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டும். தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும், அல்லது விதிப்படி முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும். கல்லூரிகளுக்கிடையேயோ பல்கலைக்கழகங்களுக்கிடையேயோ மாநில, தேசிய அளவிலோ ஆடிய சான்று வேண்டும். உடல்தகுதித் தேர்வும் உண்டு: 30 வயதுக்கு உட்பட்ட ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர், பெண் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர் ஓட வேண்டும். ஆங்கிலத்துக்கோ கணிதத்துக்கோ பேராசிரியராக வருபவர் ஓடிக் காட்ட வேண்டியதில்லை. இவர் எழுதவும் வேண்டும், ஓடவும் வேண்டும்.

படிப்பு வரிசை இது. ஏதேனும் ஒரு பட்டம், பின் இரண்டாண்டு பி.பி.எட்., பின் இரண்டாண்டு எம்.பி.எட். சென்னைப் பகுதியில் நந்தனம் கல்லூரியும், மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இப்படிப்புகளுக்கு அறியப்பட்டவை. ஒரே ஆட்டத்தில் ஆழ்ந்து பயிற்றுநராக விரும்புபவர் பட்டியாலாவில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சிப் பட்டயம் பெறுவார். பேச்சு வழக்கில் இதை 'என்.ஐ.எஸ். முடிச்சவர்' என்பார்கள்.

இன்னொரு பாதை ஆட்டத்தின் வழி. நல்ல ஆட்டக்காரருக்கு ரயில்வே, வங்கி, சுங்கத்துறை ஆகியவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை கிடைக்கும். சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் பணியாற்றியபடி இந்திய அணிக்கு ஆடியவர். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து ஒன்பது ஆசிய வாகையர் போட்டிகளில் ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். வேலை உறுதியாக இருந்தால் ஆட்டம் எவ்வளவு நீளும் என்பதற்கு இது சான்று. ஆனால் இதே ஏற்பாட்டுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. உறுதியான அலுவலக வேலையை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கும் கல்லூரிப் பயிற்சிப் பணிக்கு வர எத்தனை பேர் துணிவார்கள்? ஆட்டத்தை நன்கறிந்தவர் பலர் காலையும் மாலையும் ஏதோ ஒரு மைதானத்தில் ஆர்வத்துக்காகக் கற்றுக்கொடுத்துவிட்டு, நடுப்பகலில் கோப்பு பார்க்கிறார்கள்.

இந்த வாழ்க்கையில் கதை இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஐந்தரை மணிக்கு அடையாறிலிருந்து வண்டியில் கிளம்பி, மழை பெய்தால் களம் காயும்வரை துடைப்பத்தோடு நின்று, தேர்வு நேரத்தில் பாதி அணி வராமல் போய், நன்றாக ஆடும் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் பேசி, மூன்றாண்டு முடிந்ததும் எல்லாரையும் அனுப்பிவிட்டு, ஜூன் மாதம் மீண்டும் 'லே-அப்' முதல் பாடத்திலிருந்து தொடங்கும் ஒருவரின் கதை அது. அவருக்கு வில்லன் தேவையில்லை. கால அட்டவணையே போதும்.

முடிவுரை

நம் விளையாட்டுப் படங்கள் ஆட்டக்காரருக்கு நியாயம் செய்யத் தொடங்கிவிட்டன. வறுமை, சாதி, பாலினம், கிரிக்கெட்டின் நிழல் ஆகியவற்றை அவை பேசுகின்றன. பயிற்றுநருக்கு மட்டும் இன்னும் ஒரு காயத்தையும் ஒரு கோப்பையையும் கொடுத்து அனுப்பிவிடுகின்றன. 'இறுதிச்சுற்று' அவருக்கு ஒரு வேலையைக் கொடுத்தது. 'வல்லினம்' அவர் நிற்க வேண்டிய கல்லூரியைக் காட்டியது. இரண்டையும் சேர்த்து, அவருடைய ஆண்டுகளையும் காட்டும் படம் ஒன்று வர வேண்டும்.

இது கலைக்குறை மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தன் முன்னே உள்ள வழிகளை ஒரு மாணவர் பெரும்பாலும் கதைகளிலிருந்துதான் அறிகிறார். கதையில் இல்லாத வேலையை அவர் கேட்கவே மாட்டார். கேட்டால், என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பதில் தெரியாது. பாடம் முடியவில்லை என்று பி.டி. வகுப்பை எத்தனையோ முறை கடன் வாங்கியவன் நான். திருப்பிக் கொடுத்ததில்லை. அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியாவது இக்கட்டுரையால் அடையட்டும்.

அந்த மாணவி இன்று கேட்டால் இப்படிச் சொல்வேன்: ஆடிக்கொண்டே ஒரு பட்டம் படி. ஆடிய சான்றிதழ்கள் எதையும் தொலைத்துவிடாதே. பி.பி.எட்., எம்.பி.எட்., தகுதித் தேர்வு, முடிந்தால் பட்டியாலா. ஓட்டத்தை நிறுத்தாதே. முதல் கோப்பைக்குப் பதினாறு ஆண்டு ஆகலாம், வராமலும் போகலாம். அதற்குள் உன்னிடம் படித்துவிட்டுப் போனவர்கள் எங்கெங்கே எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்.